ஒரு குழந்தையின் வழக்கில் துணைக்கு நிற்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு

நீங்கள் வக்கீலாகப் பதிவு செய்து ஓரிரு வருடம் ஆனவராக இருக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்தவராக இருக்கலாம். சமூகப்பணி படித்துவிட்டுத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்கு வந்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒரு நாள் போன் வரும்: “ஒரு பையனைப் பிடிச்சு வெச்சிருக்காங்க, கொஞ்சம் வர முடியுமா?”

சட்டம் படித்திருப்பீர்கள். ஆனாலும் அந்த நேரத்தில் எங்கே போவது, யாரிடம் எதை எழுதிக் கொடுப்பது, குழந்தையிடம் முதலில் என்ன பேசுவது என்றெல்லாம் வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தியச் சட்டத்தை, குறிப்பாக 2015 இளைஞர் நீதிச் சட்டத்தையும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தையும் வைத்து, அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். சட்ட நூல் பக்கத்தில் இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு அதைத் திறக்காமல் விட்டுவிடாதீர்கள்.

குழந்தைகள் வழக்கில் தினமும் நடக்கிற அநியாயம் ஒன்று உண்டு. போலீஸ், டாக்டர், அதிகாரி, அம்மா, அப்பா எல்லாரும் குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்து எங்கே கூட்டிப் போகிறார்கள், ஏன், எத்தனை நாளைக்கு என்று அதனிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் “இது குழந்தைக்குத் தெரியுமா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆதரவில்லாத, துன்புறுத்தப்பட்ட, வேலைக்கு அனுப்பப்பட்ட, தெருவில் வாழ்கிற, கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிற குழந்தைகள் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்’. இவர்கள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போக வேண்டும். குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிற, 18 வயது நிரம்பாதவர்கள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் போக வேண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் வழக்கு போக்சோ சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கும். அந்தக் குழந்தையைப் பற்றிய தகவலைப் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

நிஜத்தில் குழந்தைகள் இப்படிப் பிரிந்து வருவதில்லை. வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்து, ஒரு பட்டறையில் ராத்திரி பகலாக வேலை செய்து, கூட இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு போனை எடுத்து மாட்டிக்கொண்ட பையன் எந்த வழி? இரண்டும்தான். குற்றம் சாட்டப்பட்ட சிறார், பராமரிப்பு தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்று பிரிவு 8 சொல்கிறது. வழக்கின் எந்தக் கட்டத்திலும் நீதிக் குழுமம் அந்த விஷயத்தை நலக் குழுவுக்கு மாற்ற அதில் வழி இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் போலீஸ் போட்டுக்கொடுத்த வழியிலேயே போய்விடுகிறார்கள். அப்படிப் போகாமல் ஒரு மனு போட்டுக் கேளுங்கள்.

முதல் 24 மணி நேரம்

இரண்டு வழிக்கும் கெடு ஒன்றுதான். பயண நேரத்தைக் கழித்துவிட்டு, 24 மணி நேரத்துக்குள் குழந்தையை உரிய அமைப்பின் முன்னால் நிறுத்த வேண்டும். “இன்னைக்கு உட்காரல, நாளைக்கு வாங்க” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நலக் குழுவோ நீதிக் குழுமமோ கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. அதனால் மாவட்டத்தில் உள்ள உறுப்பினர்களின் தொடர்பு எண்கள் உங்கள் போனில் முன்கூட்டியே இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. சட்ட உதவிக்கு 15100.

சட்ட உதவி பற்றி ஒரு விஷயம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி குழந்தைக்கும் பெண்ணுக்கும் இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லி யாராவது அலையவிட்டால், இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

காவல் நிலையத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை எளிமையானவை. குற்றம் சாட்டப்பட்ட சிறாரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு கூடாது. வாக்குமூலம் என்று எதிலும் கையெழுத்து வாங்கக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் போயிருக்க வேண்டும். 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாக (குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றம்) இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோதான் எஃப்.ஐ.ஆர் போட வேண்டும். மற்றவற்றுக்குப் பொது நாட்குறிப்பில் பதிவு, கூடவே பையனின் சமூகப் பின்னணி அறிக்கை, அவ்வளவே. நிலையத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். சண்டை போடாமல், விதியின் நகலை நீட்டுங்கள். நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். குரலை உயர்த்தி நீங்கள் சாதிக்கிறதைவிட ஒரு ஜெராக்ஸ் தாள் அதிகம் சாதிக்கும்.

குழந்தையோடு முதல் பேச்சு

இங்கேதான் நிதானம் வேண்டும். நடந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம் வக்கீல்களுக்கு இயல்பாகவே இருக்கும். கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை ஏற்கெனவே ஆசிரியரிடமோ அம்மாவிடமோ போலீஸிடமோ சொல்லியிருக்கும். இனி மாஜிஸ்திரேட்டிடம், டாக்டரிடம், நீதிமன்றத்தில் என்று இன்னும் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவையானது எஃப்.ஐ.ஆரிலோ அறிக்கையிலோ இருந்தால் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள்.

நீங்கள் யார் என்பதில் ஆரம்பியுங்கள். “பாப்பா, நான் போலீஸ் இல்ல. உனக்காகப் பேசுற வக்கீல். உனக்கு என்ன வேணும்ன்னு நீ சொன்னா, அதை அங்க போய்ச் சொல்றது என் வேலை. புரியலைன்னா எத்தனை தடவை வேணும்னாலும் கேளு.” அப்புறம் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். அறை எப்படி இருக்கும், மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருப்பார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், அம்மா உள்ளே வரலாமா, கழிவறை எங்கே இருக்கிறது என்பது வரை. பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கட்டடத்தில் இருக்கிற பெரிய பயமே அதுவாக இருக்கும்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது தண்டனைக்குரியது. குழந்தைக்கு மட்டும்தான் அந்தத் தண்டனையிலிருந்து விலக்கு. அதனால் பேச்சைத் தொடங்கும்போதே, “நீ பத்திரமா இருக்க சில பேர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முன்னாடியே சொல்லிடுவேன்” என்று சொல்லிவிடுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை இனி உங்களை மட்டுமல்ல, அடுத்து வருகிறவரையும் நம்பாது.

குழந்தை விரும்புவதும் நீங்கள் நல்லது என்று நினைப்பதும் மோதும்போது என்ன செய்வது? இந்த வேலையில் கடினமான கேள்வி இதுதான். பதினாறு, பதினேழு வயதுப் பெண், காதலித்தவனோடு போய்விட்டாள். வீட்டார் புகார் கொடுத்துவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழே சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அது போக்சோ வழக்கு. அவள் வீட்டுக்கும் போக மாட்டேன் என்கிறாள், குழந்தைகள் இல்லத்துக்கும் போக மாட்டேன் என்கிறாள். இந்த மாதிரி நேரத்தில் அவள் நலன் எது என்று தீர்மானிக்க நலக் குழு இருக்கிறது. நீங்கள் இரண்டாவது நலக் குழுவாக மாற வேண்டாம். அவள் கருத்தைச் சொல்லவும், அதற்கு அவள் வயதுக்கேற்ற மதிப்பு கிடைக்கவும் உரிமை உண்டு என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுத்தில் வையுங்கள். வீட்டில் அடிப்பார்கள் என்று அவள் பயந்தால், அதற்கான காரணங்களைத் தனியாக எழுதுங்கள். கேட்டது கிடைக்காமல் போகக்கூடும் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவளுடைய பெற்றோர் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

வயதுக்கான தாள்

எல்லாச் சட்டமும் வயதில் தொங்குகிறது, ஆனால் வயதுக்கான தாள்தான் கடைசியில் தேடப்படும். இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 94 வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதையும் உத்தரவு போட்டு 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆதார் அட்டை இந்த வரிசையிலேயே இல்லை. பலர் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருப்பது நம் ஊரில் புதிதில்லை. தாளில் உள்ள தேதிக்கும் அம்மா சொல்லும் தேதிக்கும் ஆறு மாதம் இடித்தால், அதை எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட வேண்டும். பதினேழரை வயதில் ஆறு மாதம் என்பது ஒரு பையன் எந்த நீதிமன்றத்தில் நிற்கிறான் என்பதையே மாற்றிவிடும்.

நலக் குழுவின் முன்னால்

குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். இறுதி முடிவு எடுக்கும்போது குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். சமூக விசாரணை அறிக்கையை 15 நாளுக்குள் முடித்து, குழந்தை முதலில் முன்னிறுத்தப்பட்டதிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வழி செய்ய வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் உழைப்பு அந்த அறிக்கையில் இருக்கட்டும். குழு பெரும்பாலும் அதைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது. “குடும்பம் ஏழ்மையானது, குழந்தையை இல்லத்தில் சேர்க்கலாம்” என்று இரண்டே வரியில் வரும் அறிக்கைகள் உண்டு. ஏழ்மை ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பாட்டி பார்த்துக்கொள்ளத் தயாரா? அவர் எங்கே இருக்கிறார்? அந்த வீட்டுக்குப் பள்ளி எவ்வளவு தூரம்? நிதி ஆதரவுத் திட்டத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாமா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு போனால்தான் குழுவுக்கு வேறு வழி கண்ணில் படும். வெறுமனே “இல்லம் வேண்டாம்” என்று சொல்லிப் பயனில்லை.

உத்தரவு வந்ததும் அன்றைக்கே நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு (குழந்தையை வேறொரு குடும்பத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது), நிதி ஆதரவு தொடர்பான முடிவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். நகல் கைக்கு வருவதற்குள் முப்பது நாளில் பாதி ஓடிவிடும்.

நீதிக் குழுமத்தின் முன்னால்

ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். இங்கே புதிய வக்கீல்கள் செய்கிற வழக்கமான தவறு, பெரியவர்களுக்கான ஜாமீன் மனுவை அப்படியே பெயர் மாற்றிப் போடுவது. பிரிவு 12 வேறு மாதிரி. குற்றம் ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் சிறாரை ஜாமீனில் விட வேண்டும். மறுக்க மூன்றே காரணங்கள்: தெரிந்த குற்றவாளிகளோடு சேர வாய்ப்பு, சிறாருக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெட்டுப்போகும் நிலை. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். குற்றம் எவ்வளவு பெரிது என்று பத்துப் பக்கம் வாதாடுவதைவிட, வெளியே வந்தால் யார் வீட்டில் இருப்பான், எந்தப் பள்ளிக்கோ பயிற்சிக்கோ போவான் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாளாகியும் கூர்நோக்கு இல்லத்திலேயே (வழக்கு நடக்கும்போது சிறார்களை வைத்திருக்கும் இடம்) இருந்தால், நிபந்தனையை மாற்றுவதற்காகக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இந்த ஏழு நாளை எண்ணிக்கொண்டிருப்பது உங்கள் வேலை.

பையனின் குடும்பத்தையும் பின்னணியையும் விசாரித்து எழுதுகிற நன்னடத்தை அலுவலரை முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். அவர் தரும் அறிக்கை இங்கேயும் பாதி வழக்கு.

“ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்டுடுவாங்க” என்று பையனிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவர் கூட இருக்கிற இன்னொரு பையனாக இருக்கலாம், சொந்த மாமாவாகவும் இருக்கலாம். ஒத்துக்கொள்வது என்றால் என்ன, ஒத்துக்கொண்டால் என்ன உத்தரவு வரலாம் என்று நிதானமாக விளக்குங்கள். விளக்கியதை அவன் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காவலில் இருக்கும் பிள்ளைகள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

16 வயது முடிந்தவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் பிரிவு 15-இன்படி முதல்கட்ட மதிப்பீடு நடக்கும். அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்பது அதில் தெரியவரும். அதனால் உளவியலாளர் உதவி கேட்டு உடனே மனுப் போடுங்கள். அவனைப் பார்த்த டாக்டர், பள்ளி, இல்லம் எல்லாவற்றின் பதிவுகளையும் திரட்டுங்கள். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளாமல் தனியாக இறங்க வேண்டாம்.

போக்சோ வழக்கில்

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். குழந்தை நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆரோ மாஜிஸ்திரேட் கடிதமோ கேட்டு மருத்துவமனை காத்திருக்கவைக்க முடியாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்.

நலக் குழுவிடம் ‘ஆதரவு நபர்’ கேளுங்கள். 2020 போக்சோ விதிகளில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை குழந்தைக்கும் குடும்பத்துக்கும் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருகிற ஆள் அவர். ஆதரவு நபர் இல்லாத குடும்பங்கள் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராந்தாவில் நின்றுவிட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் திரும்புகின்றன. அரசு வக்கீல் வழக்கை நடத்தினாலும், குடும்பம் தனக்கென ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள 40-வது பிரிவு இடம் தருகிறது. வசதி இல்லாவிட்டால் ஆணைக்குழு தரும்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்னால் முடிந்தால் காலியான நீதிமன்ற அறையைக் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, திரையோ வீடியோ வசதியோ உண்டு என்று சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். அடிக்கடி இடைவெளி கேட்கலாம். இதெல்லாம் 33, 36-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுந்து கேட்டால்தான் பல இடங்களில் நடக்கும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லு” என்பதோடு சரி.

பணமும் முக்கியம். எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம், தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. எதிரி விடுதலையானாலும், கண்டுபிடிக்கப்படாமலே போனாலும் இழப்பீட்டுக்குத் தடையில்லை. சாப்பாடு, துணி, பயணம் போன்ற உடனடித் தேவைக்கு நலக் குழுவின் பரிந்துரையில் தனியாக உதவி வாங்கலாம். நடைமுறையில் இழுப்பது எது தெரியுமா? குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாதது. முதல் மாதத்திலேயே திறக்கச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் குறிப்பேடும் உங்கள் போனும்

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அடுத்த வாய்தா, யாரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, குழந்தையிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று எழுதி வையுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். அடுத்த தடவை போகும்போது பிள்ளை அதைத்தான் ஞாபகப்படுத்தும்.

குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி, படம் எதுவும் வெளியே போகக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் போக்சோவின் 23-வது பிரிவும் இதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கின்றன. செய்தித்தாளுக்கு மட்டும்தான் இது என்று நினைத்து, உத்தரவைப் படம் எடுத்து வக்கீல்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு ‘முகத்தை மட்டும் மறைத்த’ படம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஊரில் உள்ளவர்களுக்குச் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

18 வயது நெருங்கும்போது

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் பயமாகத்தான் இருக்கும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவுப்படி, வெளியே போகிறவர்களுக்குப் பின்தொடர் பராமரிப்பு உண்டு. 18-லிருந்து 21 வயதுவரை இருக்க இடம், படிப்பு, தொழிற்பயிற்சி, பண உதவி ஆகியவற்றுக்கு வழி செய்யலாம். கேட்காவிட்டால் தானாக வராது. பதினேழு வயது முடிவதற்குள் நலக் குழுவிலும் பாதுகாப்பு அலகிலும் மனு கொடுத்து, அத்தாட்சி வாங்கி வையுங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இருந்தால் குடும்ப அட்டையில் பெயர் என்று எல்லாவற்றையும் அதே வருடத்தில் சரிபார்த்துவிட வேண்டும். இல்லத்தை விட்டு வந்த பிறகு இவற்றுக்காக அலையும்போது, கையெழுத்துப் போட ஒரு பெரியவர்கூட அந்தப் பிள்ளைக்கு இருக்க மாட்டார்.

நீதிக் குழுமத்தின் வழியாக வந்தவர்களுக்கு இன்னொன்று. பிரிவு 24-இன்படி, சிறாராக இருந்தபோது நடந்ததற்காகப் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும். பெரியவராக விசாரிக்கப்பட்டு குழந்தைகள் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய வழக்கு ஏதோ ஒரு பதிவேட்டில் தலைகாட்டினால், இந்தப் பிரிவை வைத்து எழுதிக் கொடுக்கலாம். வழக்கு முடிகிற நாளிலேயே இதைப் பையனுக்கு விளக்கி, இறுதி உத்தரவின் நகலை அவன் கையில் கொடுங்கள். உங்கள் போன் நம்பரை அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும், தேவைப்படும்போது கூப்பிடுவான்.